கில்லிஸ் பாடாமல் விட்ட சுற்று

கில்லிஸ் மார்டென்ஸ் வாரம் முழுதும் பீர்ப் பீப்பாய்களுக்கு வளையம் அடிப்பான். ஞாயிறன்று எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் நடுக்குரல் பாடுவான். அந்தக் குரலுக்கு அவன் ஒருவன்தான். பெரிய பாடகன் என்று சொல்லமாட்டேன், இனிமை குறைவு. ஆனால் பிடித்த சுரத்தை விடமாட்டான். மற்றக் குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓட, அவன் ஏதோ ஒரு மெட்டின் சுரங்களை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டு நடுவில் நிற்பான். எங்கள் பூசைப்பாட்டுகளின் கட்டுமானமே அதுதான்.

"எங்க தொண்டை கிழியுது, நீ நின்னுக்கிட்டே தூங்குறியா?" என்று சீண்டுவேன். நான் கீழ்க்குரல்.

"தூணு எந்திரிச்சா கூரை உன் தலையிலதான்டா விழும்."

ஒருமுறை விழுந்தது.

அதற்கு முந்தைய கோடையில், புது மதக் கூட்டத்துக்குப் போனான் என்று அவன் தம்பி வௌட்டரைச் சந்தையில் வைத்து எரித்தார்கள். கம்பத்தில் கட்டிய பிறகும் அவன் அந்தக் கூட்டத்தாரின், பாடக்கூடாதென்று தடைபோட்ட திருப்பாடல் ஒன்றைப் பாடினானாம். காவல் அதிகாரி அருகிலேயே நின்றிருந்தார். கில்லிஸும் நின்றிருந்தான். நான் அன்று வெளியூரில் இருந்தேன்.

பெந்தெகொஸ்தே திருநாளுக்கு எங்கள் பாடல் ஆசான் யோரிஸ் புதிதாக ஒரு பூசைப்பாட்டு எழுதினார். ஒத்திகை வழக்கமில்லை. பெரிய ஏட்டைச் சுற்றி நின்று, பார்த்த மாத்திரத்தில் பாடவேண்டும். ஒவ்வொரு குரலும் அதனதன் மூலையில் தனியாக எழுதியிருக்கும். கில்லிஸின் மூலையில் மெட்டு ஒரே தடவைதான் இருந்தது. மேலே ஒரு குறிப்பு: முதலில் மூன்று மடங்கு நீட்டு, பிறகு இரண்டு மடங்கு, கடைசியில் அதன் சொந்த வேகம்.

முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு நீட்டினால் எந்த மெட்டும் மெட்டாக இருப்பதில்லை. இரண்டாம் சுற்றின் நடுவில், என்னை ஒட்டியிருந்த அவன் தோள் விலகியது. திரும்பினேன். ஏட்டை விட்டுவிட்டு முன்வரிசையில் இருந்த அந்தக் காவல் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் சுற்று வந்தது, மெட்டு தன் சொந்த வேகத்தில் கேட்கவேண்டிய இடம். கில்லிஸ் வாயை மூடிக்கொண்டான்.

நடுவில் ஒன்றுமில்லாமல் நாங்கள் நாலு தாளம் தடுமாறி நின்றுபோனோம். கீழே யாரோ சிரித்தார்கள்.

பூசை முடிந்து உடை மாற்றும் அறைக்குள் யோரிஸ் வந்தார்.

"ஏன்டா, இன்னைக்குன்னு பார்த்து வாய் கட்டிப்போச்சா? இனி இந்தப் படி ஏறாத."

"சரிங்கய்யா. அந்த மெட்டு எங்க கெடைச்சது?"

"என் வீட்டுக்காரி மாவு பிசையறப்ப முனகுவா. அவளுக்குச் சொல்லாம எடுத்து வச்சேன். கோயில்ல கேட்டா சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். உனக்கென்ன அதுல?"

கில்லிஸ் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"என் தம்பி நெருப்புல நின்னு பாடினதுங்கய்யா அது. அந்த அதிகாரியும் பக்கத்துல நின்னு கேட்டாரு. அம்மாகிட்ட சொல்லுங்க, மாவு பிசையறப்ப வேற ஏதாவது பாடட்டும்."

யோரிஸ் சுவரைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கில்லிஸைத் திரும்பச் சேர்க்கவேயில்லை. சேர்த்தால் ஊருக்குக் காரணம் சொல்ல வேண்டும். குடித்துவிட்டுப் பாட வந்தவன் என்று பேர் ஆனது. சாகும்வரை அவன் அதை மறுக்கவில்லை. இன்று அவனும் இல்லை, யோரிஸும் அவர் மனைவியும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அது துணிச்சலா, பயமா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. ஒன்று மட்டும் இன்றும் உடம்பை உலுக்குகிறது. அன்று, அது என்ன மெட்டு என்று தெரியாமலே, நான் எப்போதையும்விட நன்றாகப் பாடிக்கொண்டிருந்தேன்.