சூசை அண்ணே வீட்டுக் கதவு என்ன நிறம்?

சூசை அண்ணே போய்விட்டார்... நேற்று விடியற்காலையில், தூக்கத்திலேயே.

எங்கள் பிஸ்கட் பேக்டரியின் வேன் டிரைவர். காலையில் நாங்கள் குடியிருக்கும் சிலிபினில் எங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பேக்டரியில் இறக்கிவிட்டு, சாயந்தரம் வரை வேனிலேயே காத்திருப்பார். நேற்று வேறு யாரோ வேனை ஓட்டிக்கொண்டு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

நான் ஒரு கேபோ, உங்களுக்கே தெரியும். அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இந்த மனிதர் பகல் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு வேனுக்குள் என்னதான் செய்கிறார்?

ஒருநாள் லஞ்ச் நேரத்தில் போய்க் கண்ணாடியைத் தட்டியே விட்டேன். மடியில் ஒரு வெள்ளைத் துணி, கையில் ஊசி... கிராஸ் ஸ்டிச், கட்டத்துக்கு ஒன்றாகக் குறுக்குத் தையல் போட்டுப் படம் தைக்கிற வேலை.

டாக்டர் சிகரெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். கை சும்மா இருந்தால் சட்டைப் பாக்கெட்டைத் தேடுகிறது, அதனால் கைக்கு ஒரு வேலை கொடுத்தேன் என்றார். அவ்வளவுதான் காரணம்... நான் வேறு என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன்.

முதலில் கடையில் கிட்டாக விற்கிற மீன், தாமரை, ஓடுகிற குதிரை என்றுதான் தைத்தார். பிறகு எங்கோ ஒரு சாம்ப்ளர் படத்தைப் பார்த்திருக்கிறார். மேலே ஏபிசி வரிசை, நடுவில் ஒரு வீடு, இரண்டு பக்கமும் மரம், கீழே தைத்தவர் பேர்... வெள்ளைக்காரப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் தையல் பழகுவதற்குத் தைத்த துணி.

"நம்ம லயத்துல ஏதும்மா சிம்னி?" என்று புகைக்கூண்டைத் தூக்கிவிட்டு, தான் பிறந்த எஸ்டேட் லயத்து வீட்டையே கட்டம் போட்ட தாளில் வரைய ஆரம்பித்தார். மரம் ரப்பர் மரமானது, அதில் பால் பிடிக்கிற மங்கு ஒன்று தொங்கியது.

ஏபிசிக்குப் பதில் அ, ஆ, இ... வளைந்து வளைந்து போகிற நம் எழுத்தைக் கட்டத்துக்குள் அடைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஃ வந்தபோதுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். மூன்று குறுக்குத் தையல், வேலை முடிந்தது.

அந்த நூல்களுக்கு நம்பர் உண்டு. நிறத்துக்கு ஒன்று, சிலவற்றுக்கு நான்கு இலக்கம். நூலைச் சின்னச் சின்ன அட்டைகளில் சுற்றி, நம்பரை மேலே எழுதி, டேஷ்போர்டில் அடுக்கி வைத்திருப்பார்.

பேக்கிங் செக்சன் மணியம் அண்ணே அதை எட்டிப் பார்த்துவிட்டு, சூசை ரகசியமாக நாலு நம்பர் லாட்டரிக்குக் கணக்குப் போடுகிறார் என்று முடிவே கட்டிவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒரு நம்பரை வாங்கியும்விட்டார்.

அடிக்கவில்லை. நேராக வேனுக்கு வந்து சண்டை.

"அது இலைக்கு வச்ச பச்ச நூலு மணியம். அதை வாங்குனா எப்படி அடிக்கும்லா?" என்றார் சூசை அண்ணே, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இலை, கூரை, படி எல்லாம் முடிந்தது. கதவில்தான் வந்து நின்றுபோனது.

சூசை அண்ணே நீலம் என்றார். பாகான் டத்தோவில் இருக்கிற அவருடைய அக்கா பிலோமினா பச்சை என்றார். போட்டோ ஒன்றும் கிடையாது, லயத்தையும் இடித்தாகிவிட்டது.

போன் என்றாலே "ஆமா", "சரி" என்று வைத்துவிடுகிற மனிதர், இந்தக் கதவுக்காக அக்காவை விடாமல் கூப்பிட்டு வாதாடினார். நாங்கள் வேனில் ஏறி முடிக்கும்வரை ஸ்பீக்கரில் ஓடும்... நாங்களும் நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று பிரிந்துபோனோம். (நான் நீலம்.)

பத்து காஜாவில் இருக்கிற பழைய பக்கத்து வீட்டுக்காரரைத் தேடிப் போயும் கேட்டுப் பார்த்தார். அந்த வீட்டுக்குக் கதவு இருந்ததாகவே ஞாபகம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம் அவர்.

யாருக்குத் தெரியப்போகிறது, பேசாமல் நீலத்திலேயே தைத்துவிடுங்கள் என்று நான் ஒருதடவை சொன்னேன்.

"அக்காவும் அந்த வீட்டுலதானே பொறந்துச்சு. அது ஒத்துக்கட்டும், அப்பறம் தைக்கிறேன்."

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சவப்பெட்டிக்குப் பக்கத்து மேசையில் அந்தத் துணியை விரித்து வைத்திருந்தார்கள். எழுத்து, கூரை, மரம், மங்கு... கதவு இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் வெள்ளை. ஓரத்தில் ஊசி குத்தியபடியே இருந்தது.

பிலோமினா அக்கா அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். குரலை மட்டும்தான் வேனில் கேட்டிருக்கிறேன், ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது... ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. உண்மையிலேயே பச்சைதானா என்று கேட்டுவிட்டேன்.

அவர் அந்த வெள்ளை இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீலந்தாம்மா. எங்கப்பா பெயிண்ட் அடிச்சப்போ நாந்தானே டின்னைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்... பச்சைன்னு சொன்னாதானே தம்பி மறுபடி போன் பண்ணுவான்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அழுகை வந்துவிட்டது... அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே கூடாரத்தில் மணியம் அண்ணே இருந்தார், அழுது கண்ணெல்லாம் சிவந்துபோய். உள்ளே நடந்ததைச் சொன்னேன். அந்த நீல நூலுக்கு என்ன நம்பர் என்று மெதுவாகக் கேட்டார்.

வேனில் அட்டையைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நாளை காலை அடக்கம்.

போய் வாங்க அண்ணே... கதவு நீலம்தான். அக்கா ஒத்துக்கிட்டாங்க.