கொடுவாத் தோலும் டாக்டர் ஜெபாவும்

கொடுவாத் தோலை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணை மூடி, ஒருமுறை முகர்கிறாள். தோலைத் திருப்பி உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுகிறாள். பிறகு வெயிலில் விரித்துப் பார்க்கிறாள். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவள்கூட முந்தானையை இவ்வளவு நேரம் பார்க்க மாட்டாள். நான்கு தோல் எடுத்துக் கொடுத்தால் இரண்டைத் தள்ளிவிடுவாள்.

"இதுல கத்தி பட்டிருக்குக்கா."

"மீன அறுத்தா கத்தி படாம கரண்டியா படும்?" என்கிறாள் மீன்காரி வேண்டா, அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமல்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கொக்கிலமேட்டுக் கரையில், மீனை மீன்காரியிடமே விட்டுவிட்டு அதன் தோலை மட்டும் விலைகொடுத்து வாங்கிப் போகிற ஒரே ஜீவன் டாக்டர் ஜெபா. இந்தத் தோல் கிடைப்பதே கடலோர விடுதிகளின் புண்ணியம். அங்கே தங்குகிறவர்களுக்குக் கொடுவா முள் இல்லாமல் வரவேண்டும், தோல் இல்லாமல் வரவேண்டும், கூடுமானால் மீன் வாடையும் இல்லாமல் வரவேண்டும். அவர்களுக்காக வேண்டா தினமும் காலையில் மீனை உரித்து அனுப்புகிறாள். ஜெபா வருவதற்கு முன்பு தோல் முழுவதும் கரையிலிருக்கும் பூனைகளுக்குத்தான். இப்போது அவற்றின் வாழ்வாதாரம் போயிற்று. ஜெபாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் மூன்று பூனைகள் எழுந்துபோய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கின்றன. விஞ்ஞானத்துக்கு எதிர்ப்பு இல்லாத ஊர் ஏது?

தெர்மாகோல் பெட்டியில், ஐஸுக்கு நடுவே, அந்தத் தோல் திருப்போரூரைத் தாண்டி ஓர் ஆய்வு நிறுவனத்துக்குப் போகிறது. ஜெபா அங்கே உயிரிமருத்துவப் பொறியியல் ஆராய்ச்சியாளர். ஆறாத புண்ணுக்குப் போடப் புதுத்தோல் வளர்ப்பது வேலை. செதிலைச் சுரண்டி, மருந்துகளில் ஊறவைத்து, மீன்தோலிலிருந்து மீனை முழுவதும் வெளியேற்றிவிடுகிறாள். மிஞ்சுவது வெள்ளையாக, வலைபோல ஒரு சவ்வு. அதன்மேல் மனிதத்தோலின் செல்களை விதைத்து, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் ஒரு பெட்டிக்குள் வைக்கிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள் அவற்றுக்கு ரோஸ் நிறத் தண்ணீரில் தீனி. ஞாயிறு, கிறிஸ்துமஸ், ஒன்றுவிட்ட தங்கையின் நிச்சயதார்த்தம் எல்லாம் அந்தச் செல்களுக்குக் கிடையாது. ஆகவே ஜெபாவுக்கும் கிடையாது.

அவற்றுக்கு ஒரே ஜென்மப் பகை, ஈஸ்ட். புளித்த மாவில் இருக்கும் அதே ஈஸ்ட். ஒரு துளி உள்ளே போனால் மறுநாள் பெட்டி முழுவதும் அதன் ராஜ்ஜியம்தான். அதனால் வீட்டில் அம்மா மேரி இட்லிக்கு மாவு கரைக்கிற அன்று ஜெபா அடுப்படிப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. கிரைண்டர் ஓடும்போது வாசலில் நின்று பேசுகிறாள், ஏதோ நோய் கண்ட வீட்டைப் பார்க்க வந்தவள்போல.

"மாவுல கை வெக்காத பொண்ண எவன் கட்டுவான்? மாப்ள வூட்ல கேட்டா இன்னா சொல்றது?" என்று மேரி கேட்பாள்.

"ஆராய்ச்சின்னு சொல்லு."

"ஆராய்ச்சியா? சோம்பேறித்தனத்துக்கு படிச்சவங்க பாஷைல அப்டி ஒரு பேரு கீதா?"

இந்தக் குடும்பத்தின் முந்தைய தலைமுறைகள் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுப் பிழைத்தவை. ஜெபாவின் அப்பா சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் தொழிற்சாலை உணவகமொன்றில் மேற்பார்வையாளர். தாத்தா கூலிக்கு நின்ற சேற்றில்தான் இன்று ஜெபாவின் நிறுவனம் கார் நிறுத்துகிறது. டீ குடிக்கும்போது அவள் போகிறபோக்கில் சொன்ன இந்தச் செய்தி மக்கள் தொடர்பு அதிகாரி ஜானகிராமனின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து, இதை எப்படி விளம்பரமாக்குவது என்ற யோசனையில் அந்த மனிதருக்கு நல்ல தூக்கம் இல்லை.

நிறுவனத்தில், எல்லாத் தரப்பினருக்கும் இடமுண்டு என்று காட்ட, பன்முகத்தன்மைக் குழு என்று ஒன்று உண்டு. ஐந்து உறுப்பினர்கள். ஐவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே கடையில் சட்டை எடுப்பவர்கள். தங்களிடம் இல்லாத பன்முகத்தை அவர்கள் ஜெபாவின் ஒரு முகத்தைக்கொண்டே சமாளித்து வந்தார்கள். விளம்பரப் புத்தகத்தைப் பிரித்தால் அட்டையில் ஜெபா, நான்காம் பக்கத்தில் ஜெபா, நன்கொடை கேட்கும் பக்கத்தில் சற்று சோகமாக ஜெபா. எல்லாப் படத்திலும் கையில் ஒரு சோதனைக்குழாய், குழாயில் நீலத் தண்ணீர். அவள் ஆய்வகத்தில் நீல நிறத்தில் ஒன்றுமே கிடையாது. "ரோஸ் எடுபடாது மேடம், நீலம்தான் சயின்ஸ் மாதிரி இருக்கும்" என்று போட்டோகிராபர் சொல்லிவிட்டார். படம் எடுக்க நின்ற நேரத்தில் ஒருமுறை செல்களுக்குத் தீனி தள்ளிப்போய், ஒரு தட்டு முழுவதும் பட்டினியில் மாண்டது. எந்தப் படத்தின் கீழும் அந்த இரங்கல் செய்தி இல்லை.

வேண்டாவுக்கு இந்த விளம்பரப் புத்தகமெல்லாம் தெரியாது. வரிசையாகப் பெண்ணாகப் பிறந்த வீட்டில் நான்காவது அவள். இனியாவது ஆண் வரட்டும் என்று ஆண்டவனுக்கு நினைவூட்டப் பெற்றோர் வைத்த பெயர் வேண்டா. ஆணும் வந்தான். "வந்தான், தின்னான், சென்னைக்குப் போய்ட்டான். கெழவனுக்கும் கெழவிக்கும் கஞ்சி ஊத்துறது இன்னிக்கி நான்தான்" என்று சிரிப்பாள். ஜெபாவை அவள் 'தோலு டாக்டரு' என்று கூப்பிடுகிறாள். ஆராய்ச்சி என்றால் என்னவென்று ஜெபா விளக்கியபோது, வேறு யாருக்கும் இல்லாத அளவுக்குச் சீக்கிரமாக அவளுக்குப் பிடிபட்டது.

"அவரக்கொடி ஏற பந்தல் போடறியே, அந்த மாதிரி. மீனு பந்தலு. மன்சன் தோலு கொடி. அவ்ளோதான?"

அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் ஜெபா முந்நூறு பக்கம் எழுதி டாக்டர் பட்டம் வாங்கியிருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில், கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். முதுகில் புண்ணோடு ஓர் எலி. பக்கத்திலேயே, இரண்டு வாரம் கழித்து, புண் மூடிய அதே எலி. வேண்டா ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

அவளுக்குச் சர்க்கரை இருந்தது. கெளுத்தி முள் குத்திக் காலில் ஒரு புண்ணும் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப்போட்டு வந்துகொண்டிருந்தாள். எலிப் படத்தைப் பார்த்த பிறகு போவதை நிறுத்திவிட்டாள். இது யாருக்கும் தெரியாது.

தெரியவந்தது பன்முகத்தன்மை தினத்தன்று காலையில். அன்று ஜெபாவுக்குப் பாராட்டு விழா. 'பாரம்பரிய உடையில் வரவும், அதன்மேல் ஆய்வகக் கோட்டு அணியவும்' என்று பெண் விஞ்ஞானிகளுக்கு மட்டும் சுற்றறிக்கை வந்திருந்தது. ஆண் விஞ்ஞானிகளின் பாரம்பரியத்தைப் பற்றிக் குழுவுக்குக் கவலை இல்லை. பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜெபா மணலில் வந்தாள். விழாவானாலும் தோல் வாங்கியாக வேண்டுமே.

தோலை முகர்ந்தவள் நிறுத்தினாள். மறுபடி முகர்ந்தாள். தோலைக் கீழே வைத்துவிட்டு முகர்ந்தாள். வாடை மீனிலிருந்து வரவில்லை.

"யக்கா, கால காட்டு."

"அது கெடக்குது போ. இன்னிக்கி உனுக்கு மால போடறாங்களாமே."

"காட்டுக்கா."

விடுதிக்காரர்கள் கொடுத்த பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதன்மேல் ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். பிரித்தபோது இரண்டாவது விரல் கறுத்திருந்தது. பாதம் கணுக்கால்வரை வீங்கிச் சிவந்திருந்தது.

"கட்டுப் போட போகலயா நீ?"

"போனா ஆறிடுமே!" வேண்டாவின் முகத்தில், குட்டு வெளிப்பட்டுவிட்ட வெட்கம். "ஆறிப்போச்சுன்னா அப்பால உன் தோலு எதுல ஒட்டும்? எலிக்கு போட்டுட்ட, அடுத்து மன்சனுக்குத்தான. எவளோ ஊர் பேர் தெரியாதவளுக்கு போடறத்துக்கு எனுக்குப் போடு. எம் மீனு, என் காலு. பேரும் உனுக்குத்தான். அதான் புண்ண பத்திரமா வச்சிகினு கீறேன்."

கல்வெட்டில் பொறிக்க வேண்டிய வாசகம். விஞ்ஞானத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் உண்டு, பணம் கொடுத்தவர்கள் உண்டு. ஒரு புண்ணை ஆறவிடாமல் காத்து வைத்துக் கொடுத்தவள் வேண்டா ஒருத்திதான்.

ஜெபா பட்டுப்புடவையோடு ஈரமணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது இன்னும் மனுஷங்களுக்கு இல்லக்கா. வருஷக்கணக்கு ஆகும். ஆகாமலே போனாலும் போகும்."

"எலிக்குப் போட்ட. எனுக்குப் போட மாட்டியா?"

"எலி செத்தா ஆபீஸுக்கு எழுதி வேற எலி வாங்குவேன். உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாராண்ட எழுதி வாங்குவேன்?"

வேண்டா அரிவாள்மனையைத் தள்ளிவைத்தாள். முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டாள். பக்கத்துக் கூடைக்காரியிடம் கடையை ஒப்படைத்து, அவளைக் கைத்தாங்கலாக ஸ்கூட்டரில் ஏற்றவே பெரும்பாடாகிவிட்டது. தெர்மாகோல் பெட்டி கரையிலேயே கிடந்தது. பூனைகளுக்கு அன்று தீபாவளி.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது ஜானகிராமன் கூப்பிட்டார்.

"மேடம், எங்க இருக்கீங்க? சீஃப் கெஸ்ட் வந்தாச்சு."

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில சார். சீட்டு வாங்க நிக்கறேன்."

"ஐயோ! உடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல சார்."

"அப்ப வந்துடலாமே!"

வரவில்லை. ஆனால் விழா நிற்கவில்லை. நுழைவாயிலில் வரவேற்பதற்காக ஜெபாவின் உருவத்தை ஆளுயர அட்டையில் வெட்டி நிறுத்தியிருந்தார்கள். அதையே மேடையேற்றி, அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அட்டை ஜெபா அசல் ஜெபாவைவிட நன்றாகச் சிரித்ததாகவும், யார் பேச்சிலும் குறுக்கிடவில்லை என்றும் வந்தவர்கள் பாராட்டினார்கள். நீலத் தண்ணீரும் கையிலேயே இருந்தது.

செங்கல்பட்டில் மருத்துவர் சுருக்கமாகச் சொன்னார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் காலே போயிருக்கும். இப்போதைக்கு விரலோடு போகலாம், மீதிப் பாதம் தங்குமா என்பதை வெட்டிய இடத்தில் தோல் வளர்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். விரலை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டுப்போட அழைத்துப் போகிற வேலையை ஜெபா எடுத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. செல்களுக்குத் தீனி போடுகிற நாள் போக மற்ற நாளெல்லாம் ஸ்கூட்டர் கொக்கிலமேட்டில் நின்றது. வேண்டா ஏறி உட்காருவாள், இறங்குவாள், பேச மாட்டாள். பேசுவதெல்லாம் சுகாதார நிலையத்து நர்ஸ் வரலட்சுமியிடம்தான், ஜெபாவின் காதில் விழுகிறமாதிரி.

"இன்னா சிஸ்டரு, எலி பெருச்சாளிக்கெல்லாம் வைத்தியம் பாக்கறவங்கள இங்க உள்ள வுடறீங்க?"

வரலட்சுமிக்குச் சிரிப்பை அடக்குவதே தனி வேலை. ஜெபா சுவரோரம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, திட்டு வாங்க வந்த பிள்ளைபோல உட்கார்ந்திருப்பாள். முதல் வாரம் புண்ணில் மாற்றமே இல்லை. அடுத்த வாரமும் இல்லை. மறுபடி செங்கல்பட்டுக்கு அனுப்புவதைப் பற்றி வரலட்சுமி மெல்லப் பேச்செடுத்தாள். அன்று மட்டும் வேண்டா யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்த வரலட்சுமி, துணியைத் தட்டில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "இங்க கொஞ்சம் வாங்க மேடம்" என்றாள்.

வேண்டா பாதத்தைப் பார்க்கவில்லை. விட்டத்தைப் பார்த்தபடி, இத்தனை நாளில் முதல்முறையாக நேரடியாகக் கேட்டாள்.

"இன்னாமே. வளருதா?"

ஜெபா எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள். துப்பட்டாவை மூக்குக்கும் வாய்க்கும் குறுக்கே இழுத்துச் சுற்றி, பின்கழுத்தில் முடிந்தாள். தரையில் மண்டியிட்டு, வேண்டாவின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு குனிந்தாள். புண்ணின் ஓரத்தைச் சுற்றி, வடித்த கஞ்சி ஆறும்போது கட்டுமே ஓர் ஆடை, அந்த மெல்லிசில், வெளிறிய ரோஸ் நிறத்தில் புதுத்தோல் ஒரு கோடாக உள்நோக்கி ஏறியிருந்தது. அதன்மேல் படக்கூடாதென்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.