எடையைக் குறைத்து எழுதினேன்

தலைநகரின் துவாரகா பகுதி மைதானத்தில், கிரேன் உச்சியிலிருந்து கயிறு கட்டிக் குதிக்கும் விளையாட்டு நடந்தது. அலுவலகத் தோழிகள் முன் கூச்சப்பட்டு, எழுபத்தெட்டு கிலோ எடையை அறுபது என்று படிவத்தில் எழுதினேன்.

மேலே கூண்டில் கயிற்றை மாட்டியவர் வேலூர்க்காரர், முன்னாள் ராணுவ வீரர். என்னை உற்றுப் பார்த்தவர், கூண்டைக் கீழே இறக்கச் சொல்லி, தனியே அழைத்துப்போய் எடை பார்த்தார்.

"அந்தக் கயிறு அறுபது கிலோவுக்குத்தாம்மா. குதிச்சிருந்தா தரையில மோதியிருப்பே."

எனக்கு அழுகை வந்தது.

வெளியே காத்திருந்த தோழிகளிடம், "என் தப்பு, கயிறு மாத்தணும்," என்று இந்தியில் சொன்னார்.

தடித்த கயிற்றில் பயமின்றிக் குதித்தேன்.

"எனக்காகப் பொய் சொன்னீங்களே சார்," என்றேன் பிறகு.

"பொய் இல்லம்மா. எடை பாக்காம ஏத்தினது என் தப்புதானே?"

பொய் எழுதியவள் நான். அவரை நினைத்தால் இன்றும் தலை தானாகத் தாழ்கிறது.