சம்பந்தியம்மாவின் சந்தகைத் திருகு

போன ஐப்பசியில் நடந்தது இது. இடம், பாலக்காட்டுக்குக் கிழக்கே வேலந்தாவளம் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றிக் காயில் கட்ட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து நானே படித்தது. அந்த வேலையில்தான் தென்னந்தோப்பு வாங்கினேன், மாடி வீடு கட்டினேன். இதை இன்னும் நாலு பக்கம் சொல்லலாம், இடம் பத்தாது.

மருமகள் எங்களோடுதான் இருக்கிறாள். அவளைப் பெற்ற அம்மா, எங்கள் சம்பந்தியம்மா, தனி ஆள். கல்யாண வீடுகளுக்குச் சந்தகை பிழிந்து கொடுத்துத்தான் பிழைப்பு. வெந்த மாவை அச்சில் போட்டுத் திருகைச் சுற்றினால் நூல் நூலாக இறங்குமே, அந்தச் சந்தகை. மழையில் ஓடு ஒழுகி, அச்சின் இரும்புத் திருகு துருவேறிச் சுற்ற வராமல் போனது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய கல்யாணத்துக்கு வேறு ஒப்புக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அச்சையும் திருகையும் பையில் போட்டுக்கொண்டு லேத் பட்டறைக்குப் போகிற வழியில் மகளைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நான் இருக்கறப்ப பட்டறைக்கா? குடுங்க தங்கச்சி, ரெண்டே நாள்ல புதுசாக்கித் தாரேன்" என்று பையைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"உங்களுக்கு எதுக்குங்கண்ணா சிரமம்? பட்டறைத் தம்பி மண்ணெண்ணெய்ல ஊற வெச்சுத் தட்டிக் குடுத்துருவாப்லீங்க" என்றார். நான் கேட்டால்தானே!

செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். வாளித் தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து, ஒரு பக்கம் துருப்பிடித்த சாமான், இன்னொரு பக்கம் ஏதாவது பழைய இரும்பு, இரண்டும் ஒன்றோடொன்று படாமல் தொங்கவிட வேண்டும். பேட்டரி சார்ஜரின் கவ்வியை ஆளுக்கொன்றாக மாட்டினால் துரு தானாகக் கழன்றுவிடுகிறது. பேசினவன் இந்தியில் பேசினான். எனக்கு எதற்கு இந்தி? கண் இருக்கிறதே.

"மாமா, எந்த வயரு எதுக்குன்னு இன்னொருக்கா பாத்துக்குங்க" என்றாள் மருமகள். எனக்குச் சுருக்கென்றது. டிராக்டர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்போது கரண்டைக் கொடுக்கிறது சிவப்பு. வைத்தியம் எதற்கு? திருகுக்கு. அப்போ சிவப்பு திருகுக்குத்தானே? மாட்டுக்கொட்டகையில் கிடந்த ஓட்டை மம்பட்டியைக் கறுப்பில் மாட்டினேன். வாளியைக் காற்றோட்டமாக வாசலில் வைத்தேன்.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் செம்மண் குழம்பாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, அத்தனையும் துரு" என்று காட்டினேன். "நம்ம டிரெய்லரை முக்க முடியுங்களா?" என்றார் அவர். என் வீட்டுக்காரி, "ஏனுங்க, மொதல்ல உங்க வாயை முக்குங்க" என்றாள்.

சனிக்கிழமை காலையில் சம்பந்தியம்மா வந்தார். எல்லோரையும் நிறுத்திவைத்துக்கொண்டு வாளிக்குள் கைவிட்டேன். முதலில் வந்தது மம்பட்டி. துணியால் ஒரு தேய் தேய்த்தேன், பளபள என்று மின்னியது. துரு என்பதே இல்லை. அடுத்து திருகை எடுத்தேன். மரைப் புரி முழுக்கக் கரைந்து, குழிவிழுந்து, கரையான் அரித்த குச்சி மாதிரி இருந்தது. அச்சில் மாட்டினால் சுற்றாமலே வழுக்கி இறங்கியது.

"மம்பட்டிக்கு வந்த யோகத்தப் பாருங்க" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

எனக்கு வந்த எரிச்சல் சொல்லி முடியாது. இந்திக்காரனைத் திட்டினேன், சார்ஜரைத் திட்டினேன். மருமகளிடம் "அதைச் சத்தமாச் சொல்றதுக்கு என்ன?" என்று பாய்ந்தேன். "சொன்னனுங்க மாமா" என்றாள்.

சம்பந்தியம்மா திட்டவில்லை. திருகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நாளைக்கு விடியக்காலம் அடுப்புப் பத்த வெக்கோணுங்களே" என்றார்.

வேறு வழி? அந்த லேத் பட்டறைக்கே போனேன். பட்டறைக்காரனுக்குக் கடப்பாரைக்கு முனை பிடிக்கத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவன் நான். அவன் திருகைத் திருப்பிப் பார்த்தான். "சிவப்புல மாட்டுனது கரையுமுங்க. கறுப்புல மாட்டுனதுதான் சுத்தமாகும். புதுசுதான் கடையோணும்" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அன்றைக்கு அவன் வீட்டில் விசேஷம். அதை விட்டுவிட்டு, இருட்டும் வரை நின்று கடைந்து கொடுத்தான். எடு என்றால் எடுத்து, பிடி என்றால் பிடித்து, எடுபிடியாக நின்றேன், நான்!

மறுநாள் கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் திருகைச் சுற்றினதும் நான்தான். தோள்பட்டை கழன்றது. "அம்மிணி, திருகு வெண்ணெயாச் சுத்துதே, எங்க வாங்குனீங்க?" என்று சமையல்காரர் கேட்டார்.

"வாங்கலீங்க. எங்க சம்பந்தி இருந்து செஞ்சு குடுத்தாங்க" என்றார் சம்பந்தியம்மா, என் முகத்தைப் பார்க்காமலே.

சும்மா இருந்தாலே பெருமை பேசுகிறவன் நான். அன்றைக்குப் பெருமையைத் தட்டில் வைத்து நீட்டினார்கள், வாயே திறக்க முடியவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். திரும்பி வரும்போது பொறுக்காமல், "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"எம் புள்ள உங்க ஊட்லதானுங்களே இருக்கறா? மாமனாரப் பாத்து நாலு பேரு சிரிச்சா அது அவளுக்கும்தானுங்கண்ணா" என்றார்.

என் பேரை நான் ஒருத்தனாகவே சம்பாதித்தேன் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது கெடாமல் எனக்குத் தெரியாமலே யார் யாரெல்லாம் காத்தார்களோ என்று இப்போது அடிக்கடி நினைக்கிறேன். நினைக்கும்போதெல்லாம், உள்ளதைச் சொன்னால், இன்னும் எரிச்சலாகத்தான் வருகிறது.