அவள் பார்த்த கோடுகள்

புனே வானவடியில் தரைத்தள வீட்டில் இருந்தோம். மூன்று மாத மகளுக்குக் கறுப்பு வெள்ளைப் படப் புத்தகம் என்றால் உயிர். கோடு போட்ட பக்கத்தைக் கண்கொட்டாமல் பார்ப்பாள்.

ஒரு மழைக்கால மாலை, கரண்ட் இல்லை. புத்தகத்தை விட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள். "சாமி விளையாட்டுக் காட்டுதாடி?" என்று கொஞ்சி, அவள் முகத்தைப் புத்தகத்துக்குத் திருப்பினேன். மறுபடியும் அங்கேயே பார்த்தாள். அவள் பார்வை மெல்லக் கீழே இறங்கியது.

திரும்பினேன். ஜன்னல் கம்பியில் கறுப்பு உடம்பும் வெள்ளைக் கோடுகளுமாகக் கட்டுவிரியன் இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தையை வாரிக்கொண்டு வெளியே ஓடினேன். பாம்பு பிடிப்பவர் வந்து அதை எடுத்தது, அவளுடைய தூளிக்குள்ளிருந்து.

இப்போதெல்லாம் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் படம் காட்டுகிறேன். அவள் வேறெங்காவது பார்த்தால் முகத்தைத் திருப்புவதில்லை. முதலில் நானும் அங்கே பார்க்கிறேன்.