தம்பிக்குக் காட்டிய முகம்

என் கையெழுத்தைப் பார்த்துக் கோபிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு என் கை பேனாவைவிடக் கத்தியைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. பாரிஸில், லா சப்பலில் ஓர் உணவகத்தின் குசினியில் சமையல் வேலை செய்கிறேன். எந்த இடத்தில் ‘ர’, எந்த இடத்தில் ‘ற’ என்று இன்றைக்கும் தடுமாறுவேன். தட்டச்சு செய்பவர் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும்.

போன வருடம் மாசியில் என் மனைவி இறந்துபோனாள். புற்றுநோய்க்கு மருத்துவம் தொடங்கி முடி கொட்டியபோது அவள் அழவில்லை. “இஞ்சேருங்கோ, பழனிக்குப் போகாமலே மொட்டை விழுந்திட்டுது” என்று சிரித்தாள். ஆனால் அந்தப் பகிடி எனக்கும் மகளுக்கும் மட்டும்தான். வேறு யார் வந்தாலும் தலையில் துண்டு இருக்க வேண்டும். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருப்பதால் நான்தான் கட்டிவிடுவேன். “அரிசி மூட்டைக்குக் கட்டுற மாதிரிக் கட்டாதேங்கோ” என்பாள். காதுக்குப் பின்னால் ஒரு விரல் இடம் விட்டுக் கட்டினால் நோகாது என்று பிறகு பழகிக்கொண்டேன். கதவு தட்டும் சத்தம் கேட்டால் போதும், வருவது தாதி என்றாலும் என் கை தானாகவே துண்டைத் தேடும்.

யாழ்ப்பாணத்தில் அவளுக்கு ஒரே ஒரு தம்பி. கடைசி வாரத்தில் அவன் வீடியோவில் அழைத்தான். நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அந்தத் துண்டை ஒருக்கா எடுங்கோ. உங்கட முகம் வடிவாத் தெரியேல்லை.”

அவள் என்னைப் பார்த்தாள். “தம்பிதானே. எடுங்கோ” என்றாள். எடுத்தேன்.

அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தான். பிறகு, “சின்னனிலை பேனுக்கு மொட்டை அடிச்சுவிட்டவை எல்லோ, அப்பிடியே இருக்கிறியள்” என்றான்.

“போடா!” என்றாள். பல் தெரிய அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அந்த வாரம் மரக்கறிக் கடைக்காரர் வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே, “அண்ணை, அக்காவின்ர படம் இன்ரநெற்றிலை பாத்தனான். தலையிலை ஒரு முடியும் இல்லை. நல்லா உருக்குலைஞ்சு போயிட்டா, பாவம்” என்றார். இரக்கத்தில்தான் சொன்னார். பின்னால் நின்ற ஒருவரும், “ஓம், நானும் பாத்தனான்” என்றார். நான் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ரயிலில் எங்கள் வீடு இருக்கும் லா கூர்னெவ் வரும்வரை நிமிர்ந்து ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

2009-இல் தாயோடு இங்கே வந்து சேர்ந்தபோது மகள் சிறுபிள்ளை. இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தங்களைப் பற்றிய விபரங்களை அழிக்கச் சொல்லி ஆட்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் அவளுடைய வேலை. நான் சொன்னதும் போனில் தேடி எடுத்தாள். அவளுடைய மாமா, யாழ்ப்பாணத்துத் தம்பிதான், தன்னுடைய முகநூல் பக்கத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டு, அன்றைக்கு வீடியோவிலிருந்து பிடித்த படத்தை வைத்திருந்தான். துண்டில்லாமல், சிரித்தபடி இருந்தாள் என் மனைவி.

“சட்டத்தாலை இதை எடுப்பிக்க ஏலாதோ, பிள்ளை?”

“இஞ்சை ஒரு உரிமை இருக்கு அப்பா. பிரெஞ்சிலை ஒரு பேர். தமிழிலை எப்பிடிச் சொல்லுறது... மறக்கப்படுற உரிமை.”

“அம்மாவை மறக்கிறதுக்கோ?”

“ஐயோ அப்பா! நெற் மறக்கிறதுக்கு. நாங்களில்லை.”

அடுத்த ஞாயிறு நான் வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருக்க, அவள் இரண்டு நாட்டுச் சட்டங்களையும் கணினியில் அருகருகே திறந்து வைத்து எனக்கு விளங்கும்படி சொன்னாள். இங்கே உள்ள சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்கானது. இறப்பதற்கு முன் ஒருவர், தன் விபரங்களை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தால் அது செல்லும். என் மனைவி அப்படி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. எங்கள் மனம் நோகிறது என்று நாங்கள் எங்களுக்காகக் கேட்கலாம். அவளுக்காகக் கேட்பது கடினம்.

இலங்கையிலும் 2022-இல் இப்படி ஒரு சட்டம் நிறைவேறியிருக்கிறதாம். அதை வாசித்துக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

“அப்பா, அங்கத்தைச் சட்டத்திலை, உயிரோட இருந்தாலும் செத்தாலும் ஆள் ஆள்தான் எண்டு எழுதியிருக்கு. உரித்துக்காரர், புருசன் பிள்ளையள், அவைக்காகக் கேக்கலாம்.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அந்த நாட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. எத்தனையோ பேரை அங்கே விட்டுவிட்டு வந்தோம். அங்கே இப்படி ஒரு வரியை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

“அப்ப அங்கை கேப்பம்.”

“கேக்கலாம். ஆனா அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரேல்லை. இஞ்சை சட்டம் முழிச்சிருக்கு, அம்மா அதிலை இல்லை. அங்கை அம்மா இருக்கிறா, சட்டம் நித்திரை.”

“ரெண்டிலையும் ஒரே மாதிரி ஒண்டுமில்லையோ?”

“இருக்கு. ஒரு தேவைக்கெண்டு வாங்கின விபரத்தை இன்னொரு தேவைக்குப் பாவிக்கக் கூடாது. ரெண்டு சட்டமும் அதைச் சொல்லுது.”

அது எனக்கு உடனே விளங்கியது.

“நான் மாமாவுக்கு எழுதட்டே?”

“வேண்டாம். நான் கதைக்கிறன்.”

அவள் சிரித்துவிட்டாள். “நீங்களோ? போனிலை ‘ஓம்’, ‘சரி’, ‘வைக்கட்டே’ எண்டதுக்கு மேலை ஒரு சொல் உங்களிட்டை நான் கேட்டதில்லை.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மைத்துனனை அழைத்தேன். “தம்பி” என்றேன். “சொல்லுங்கோ அத்தான். அத்தான், கேக்குதோ?” என்றான்.

“அக்கா துண்டை எடுத்தது உனக்குக் காட்ட. ஊருக்குக் காட்ட இல்லை.”

எந்தப் படம் என்று அவன் கேட்கவில்லை.

“அதிலைதான் அத்தான் அக்கா சிரிக்கிறா. மற்றதெல்லாம் கலியாண வீட்டுப் படங்கள், முறைச்சுக்கொண்டு நிக்கிறா. இது என்னைப் பாத்துச் சிரிச்சது. எல்லாருக்கும் காட்ட வேணும் போலை இருந்தது.” சொல்லிவிட்டு அழுதான். கடையிலிருந்து நான் கொண்டுவந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“அழிக்கச் சொல்லேல்லை, தம்பி. உன்ர போனிலை வைச்சிரு. அது உனக்குத் தந்தது. நெற்றிலை மட்டும் வேண்டாம்.”

“இப்பவே எடுக்கிறன். ஆனா ஒண்டும் போடாமல் விட மனமில்லை, அத்தான். அக்காவைப் பற்றி நீங்கள் ஏதும் எழுதித் தாங்கோவன்.”

“எனக்கு எழுத வராது.”

“உங்களுக்குக் கதைக்கவும் வராது எண்டுதான் அக்கா சொல்லுறவ. இப்ப கதைச்சனீங்கள்தானே?”

அன்றே படத்தை எடுத்துவிட்டான். எனக்குத்தான் எழுத இவ்வளவு காலம் பிடித்தது. எழுதி முடித்தபோது ஒரு பயம் வந்தது. படமாகப் போடாதே என்று சொன்ன நானே அதை எழுத்தில் போட்டிருக்கிறேனே என்று மகளிடம் கேட்டேன்.

“பேர் இல்லை, முகம் இல்லை. எண்டாலும் உரித்துக்காரர் நாங்கள் ரெண்டு பேர். நானும் சம்மதிக்க வேணும்” என்று சொல்லி, தாள்களை வாங்கிக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்தாள். தமிழை அவள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். முடிக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. ஒரேயொரு வரியை மட்டும் கோடு கீறி வெட்டினாள்.

“இது அம்மா உங்களுக்கு மட்டும் சொன்னது, அப்பா.”

ஓம். அந்த வரி இதில் இல்லை.

2024 ஐப்பசி 13, ஞாயிற்றுக்கிழமை.