தினமும் வற்றும் கடல்

காலையில் எங்கள் ஜன்னலுக்கு எதிரே மிதந்த படகுகள், மதியம் நான் சாப்பிட வரும்போது சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன. யாரும் பதறுவதில்லை. வேல்ஸின் மேற்குக் கரையில் இது அன்றாடம். கடல் வெகுதூரம் உள்வாங்கும், பிறகு திரும்பி வரும். டைட் என்கிறார்கள். நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் தண்ணீர் மலையிலிருந்து வரும். கல்வராயனில் பெய்தால்தான் ஏரி நிறையும். வற்றினால் வற்றியதுதான், அடுத்த மழை வரை அதில் ஆடு மேயும்.

என் மனைவி மலர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "ஒத்துவரலன்னா திரும்பிடுவேன், அப்புறம் மூஞ்ச தூக்கி வச்சிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். எப்படியாவது பிடிக்க வைத்துவிட வேண்டுமென்று விடுமுறை நாளெல்லாம் அவளை இழுத்துக்கொண்டு அலைந்தேன். இந்தச் சின்னக் கரையில்தான் எத்தனை விதம்! செங்குத்துப் பாறை, மணல்மேடு, ஆறு கடலில் கலக்கும் சதுப்பு, அதை ஒட்டியே செம்மறி மேயும் பச்சைக் குன்று. ஒரே நாளில் வெயில், தூறல், மூடுபனி. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "காத்து ஜாஸ்திங்க."

போன ஞாயிறு கடல் உள்வாங்கியிருந்தது. "இன்னாங்க இது, நம்ம ஏரி கணக்கா வத்திக் கெடக்கு" என்றவள், ஊரில் ஏரிக்குள் இறங்குவது போலவே செருப்பைக் கரையோரம் கழற்றிவிட்டு இறங்கிவிட்டாள். நேரம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் சிரித்ததில் மறந்துபோனேன்.

சிப்பி பொறுக்கிக்கொண்டே வெகுதூரம் போய்விட்டோம். நாயோடு வந்த ஒரு பெண்மணி கரையிலிருந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். "நல்ல மனுசியா இருக்காங்க" என்று மலரும் ஆட்டினாள். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நாங்களும் விடவில்லை. திரும்பிப் பார்த்தால் எங்களுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர். இடுப்பு நனைய ஓடி வந்து சேர்ந்தோம். செருப்பு இருந்த இடத்தில் அலை. அந்தப் பெண்மணி திட்டவில்லை; தன் காரில் கிடந்த ரப்பர் பூட்ஸை மலரின் கால்களுக்கு முன்னால் வைத்தார்.

வீடு வரை அவள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு வந்தாள். டிக்கெட் போடச் சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். மறுநாள் ஜன்னலருகே நின்று, "தண்ணி எப்ப எறங்கும்?" என்றாள். இறங்கியதும் பூட்ஸை மாட்டிக்கொண்டு தனியாகப் போய், ஒற்றைச் செருப்போடு வந்தாள்.

"இன்னொண்ணு?"

"அது ஊருக்குப் போய்க்கினு இருக்கும். இது இங்கியே இருக்கட்டும்."

வாசலில், பூட்ஸுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.